வாரத்தில் நான்கு மணி நேரம்: கோல்ஃப் ஆட்டத்தில் எதை முதலில் திருத்துவது?

பதினெட்டுக் குழிகளையும் ஆடி முடித்து ஸ்கோர் கார்டைக் கூட்டும் நேரத்தில், பெரும்பாலான ஆட்டக்காரர்களின் மனத்தில் ஒரே ஒரு காட்சிதான் நிற்கும். கடைசிக் குழியில், மூன்றடித் தூரத்திலிருந்து தட்டிய பந்து விளிம்பைத் தொட்டுச் சுழன்று வெளியே வந்து நின்ற காட்சி அது. அந்த எரிச்சல் தீராமல் அடுத்த வாரம் முழுவதும், பந்தைத் தரையில் உருட்டிக் குழியில் போடும் ‘பட்டிங்’ பயிற்சியில் போய்விடும். நானும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் கழித்தேன். நடுவில் ஒரு புதிய பட்டரும் (பட்டிங்குக்கான மட்டை) வாங்கினேன். பட்டிங் ஓரளவு மேம்பட்டது. ஸ்கோர் அசையவில்லை. நோயை எரிச்சலின் அளவைக் கொண்டு நிர்ணயித்ததுதான் பிழை என்பது, பின்னால் ஒரு சிறு குறிப்பேட்டை நிரப்பத் தொடங்கிய பிறகே விளங்கியது.

இந்தக் கட்டுரைக்காக ஓர் ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். அவருடைய ஹேண்டிகேப் 18 அளவில் இருக்கிறது, அதாவது நன்றாக ஆடும் நாளில் மைதானத்துக்கு வகுத்த எண்ணிக்கையைவிடச் சுமார் 18 வீச்சுகள் கூடுதலாக எடுப்பவர். வாரம் ஒரு சுற்று ஆடுகிறார். அதற்கு மேல் பயிற்சிக்கு அவரிடம் நான்கு மணி நேரம்தான் உண்டு. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்த அந்த நேரம் போதாது, ஆகவே ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். பலவீனத்தை எந்த வழியில் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தவற்றுள் எதை முதலில் தொடுவது, தொட்டதை எந்த முறையில் சரிசெய்வது என்று அந்தத் தேர்வு மூன்று படிகளில் நடக்கிறது. ஒவ்வொரு படியிலும் உள்ள மாற்று வழிகளை ஒப்பிட்டு, எனக்குச் சரியெனப் பட்டதைச் சொல்கிறேன். தொடங்கும் முன் ஒரு சொல் பற்றிய குறிப்பு: தமிழில் ‘அடி’ என்பது தூரத்தையும் குறிக்கும், அடிப்பதையும் குறிக்கும் என்பதால், எண்ணிக்கையில் சேரும் வீச்சை ‘ஸ்ட்ரோக்’ என்றும், தூரத்தை மட்டும் ‘அடி’ என்றும் எழுதுகிறேன்.

கண்டுபிடிக்கும் வழிகள்

முதல் வழி நினைவு. செலவில்லாதது, உடனடியானது, ஆனால் நம்பத்தகாதது. வலித்ததை நினைவு பெரிதாக்கும், பழகிப்போனதை மறைத்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் ஏழெட்டு அப்ரோச் ஷாட்டுகள் (கிரீனை நோக்கி அடிப்பவை) கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல் பரப்புக்கு, முன்பாகவே விழுந்துகொண்டிருந்தால், அது ஆட்டக்காரருக்குத் தவறாகவே தோன்றுவதில்லை, ஏனெனில் பந்து நேராகத்தான் போயிருக்கும், சத்தமும் நன்றாகத்தான் இருந்திருக்கும். மூன்றடிப் பட் தவறியதோ ஊரறிந்த அவமானம். நினைவை மட்டும் நம்பி முடிவெடுப்பவர், தம்மை வெட்கப்பட வைத்த பகுதியைத் திருத்துவாரே தவிர, ஸ்ட்ரோக்குகளைத் தின்றுகொண்டிருக்கும் பகுதியைத் தொடமாட்டார்.

இரண்டாவது வழி, ஸ்கோர் கார்டின் ஓரத்தில் காலங்காலமாகக் குறித்து வரும் மூன்று கணக்குகள்: எத்தனை ஃபேர்வேக்களில் (தொடக்க இடமான டீக்கும் கிரீனுக்கும் இடையே புல்லை வெட்டிய பாதை) பந்து நின்றது, பாருக்கு (ஒரு குழிக்கு வகுத்த ஸ்ட்ரோக் எண்ணிக்கை) இரண்டு குறைவான ஸ்ட்ரோக்குகளில் எத்தனை கிரீன்களை அடைந்தோம், மொத்தம் எத்தனை பட்டுகள். இவை நினைவைவிட மேல் என்றாலும் மூன்றுமே ஒரே குறையுள்ளவை. எவ்வளவு தவறினோம் என்பதைச் சொல்லாமல், தவறினோமா இல்லையா என்பதை மட்டும் சொல்கின்றன. ஃபேர்வேயின் ஓரத்திலிருந்து ஒரு யார்டு தள்ளி, நீண்ட புல்லான ரஃப்பில் நின்ற பந்துக்கும், எல்லைக் கம்பங்களைத் தாண்டிப் போன பந்துக்கும் அந்தக் கட்டத்தில் ஒரே பெருக்கல் குறிதான். பட்டுகளின் எண்ணிக்கை இன்னும் மோசமாக ஏமாற்றும். கிரீன்களைத் தொடர்ந்து தவறவிட்டு, பக்கத்திலிருந்து சிப் செய்து (சிறிதாகத் தட்டி ஏற்றி) நாலைந்தடியில் நிறுத்துபவருக்குப் பட்டுகள் குறைவாகத்தான் இருக்கும். அவர் அப்ரோச்சைத் திருத்திக்கொண்டு, இரண்டாவது ஸ்ட்ரோக்கிலேயே கிரீனில் முப்பதடியில் நிற்கத் தொடங்கினால், ஸ்கோர் குறையும்போதே பட்டுகளின் எண்ணிக்கை ஏறும். அதைப் பார்த்துவிட்டுப் பட்டிங் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

ஹேண்டிகேப் எண்ணையே நோயறியும் கருவியாகக் கொள்வோரும் உண்டு. அது அந்த வேலைக்காக உருவானதன்று. 2020-இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறை, கடைசி 20 சுற்றுகளில் சிறந்த 8-ஐ மட்டும் எடுத்துச் சராசரி காண்கிறது; அதோடு, எந்தக் குழியிலும் நெட் டபுள் போகிக்கு (ஹேண்டிகேப் சலுகையைக் கழித்தபின் பாரைவிட இரண்டு கூடுதல்) மேற்பட்ட எண்ணைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதாவது உங்கள் ஆட்டத்தின் மிக மோசமான குழிகளும் மிக மோசமான சுற்றுகளும் அந்த எண்ணுக்குள் நுழைவதே இல்லை. பலவீனத்தைத் தேடுபவர் பார்க்கவேண்டியவை கழித்துவிடப்பட்ட அந்த 12 சுற்றுகளைத்தான்.

மூன்றாவது வழி, ‘ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட்’ எனப்படும் கணக்கு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளிப் பேராசிரியர் மார்க் பிராடி வளர்த்தெடுத்த இந்த முறையை, அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூர் 2011-இல் பட்டிங்கிற்கு அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. பின்னர் மற்றப் பகுதிகளுக்கும் விரித்தது. கருத்து எளிமையானது. ஓரிடத்திலிருந்து குழியை முடிக்கச் சராசரியாக எத்தனை ஸ்ட்ரோக் ஆகும் என்பது தெரிந்தால், ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னும் பின்னும் உள்ள அந்தச் சராசரிகளின் வேறுபாட்டிலிருந்து, பயன்படுத்திய ஒரு ஸ்ட்ரோக்கைக் கழித்தால் அந்த வீச்சின் மதிப்புக் கிடைத்துவிடும்.

ஒரு குழியை எடுத்துக்கொண்டு இதை நிதானமாகப் பார்க்கலாம். 400 யார்டு நீளமுள்ள பார் 4. பிஜிஏ டூர் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சராசரி அங்கே 3.99. நம் ஆட்டக்காரரின் டிரைவ், அதாவது டீயிலிருந்து அடித்த முதல் வீச்சு, இலக்குக்கு 160 யார்டு இருக்கையில் ரஃப்பில் நிற்கிறது. அங்கிருந்து சராசரி 3.23. ஆக, டிரைவில் 0.24 ஸ்ட்ரோக் நஷ்டம். இரண்டாவது வீச்சு, கொடியிலிருந்து 20 யார்டு தள்ளியுள்ள பங்கர் என்னும் மணற்பள்ளத்தில் விழுகிறது, சராசரி 2.53, நஷ்டம் 0.30. மணலிலிருந்து எடுத்த பந்து இருபதடியில் நிற்கிறது, சராசரி 1.87, நஷ்டம் 0.34. முதல் பட் நாலடி முன்னதாகவே நின்றுவிடுகிறது; சராசரி 1.13, நஷ்டம் 0.26. அந்த நாலடியைப் போட்டுவிடுகிறார், 0.13 லாபம். மொத்தம் ஐந்து ஸ்ட்ரோக், அதாவது பாரைவிட ஒன்று கூடுதலான போகி. ‘பங்கரில் விழாமல் இருந்திருந்தால் பார்’ என்று சொல்லிக்கொண்டே அவர் அடுத்த டீயை நோக்கி நடப்பார். ஆனால் கணக்கின்படி, இழந்த ஒரு ஸ்ட்ரோக் நான்கு வீச்சுகளில் ஏறக்குறையச் சம அளவில் சிந்தியிருக்கிறது. குற்றவாளி என்று எந்த ஒன்றையும் தனியே நிறுத்த முடியாது.

இதே குழியில் டிரைவ் எல்லைக்கு வெளியே போயிருந்தால் கதை வேறு. அபராதத்தோடு மறுபடியும் டீயிலிருந்தே அடிக்க வேண்டும். நிற்பது அதே இடம், போனவை இரண்டு ஸ்ட்ரோக். முழுதாக 2.00 நஷ்டம். எட்டடிப் பட் ஒன்றைத் தவறவிட்டு அடுத்ததைத் தட்டிப் போடும்போது நஷ்டம் அரை ஸ்ட்ரோக்தான், ஏனெனில் அந்தத் தூரத்தில் தொழில்முறை ஆட்டக்காரர்களே பாதிக்குப் பாதிதான் போடுகிறார்கள். ஆக, எல்லைக்கு வெளியே போன ஒரேயொரு பந்து (ஓ.பி.) நான்கு எட்டடிப் பட்டுகளின் தோல்விக்குச் சமம். இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டதே, நான் பட்டிங் பயிற்சியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்ததற்குக் காரணம்.

இந்த முறைக்கும் ஒரு குறையுண்டு. செயலிகள் அதை எப்போதும் உரக்கச் சொல்வதில்லை. தொழில்முறை ஆட்டக்காரரோடு ஒப்பிட்டால் நமக்கு எல்லாப் பகுதிகளிலும் நஷ்டம்தான் தெரியும். அதிலும் வீச்சுகளின் எண்ணிக்கை அதிகமுள்ள அப்ரோச்சில் மிகப் பெரிய நஷ்டம் தெரிவது இயல்பு. அது பலவீனமா, அல்லது 18 ஹேண்டிகேப் உள்ள எவருக்கும் இருக்கக்கூடிய சாதாரண இடைவெளியா என்பதை அறிய, நம்மைவிட ஐந்தாறு ஸ்ட்ரோக் மேலான ஆட்டக்காரரோடு ஒப்பிட வேண்டும். ஒப்பீட்டு அளவை மாற்றிக்கொள்ள இடம் தரும் செயலிகள் உண்டு. அந்த வசதி இல்லாத செயலி சொல்லும் ‘உங்கள் பலவீனம் அப்ரோச்’ என்ற தீர்ப்பை ஒருபடி குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது வழி பயிற்சியாளரின் கண். அவர் வீச்சின் கோளாறை நொடியில் பிடித்துவிடுவார். ஆனால் அவர் பார்ப்பது பெரும்பாலும் ரேஞ்ச் என்னும் பயிற்சித் திடலின் சமதளத்தில், பாயின் மேல் வைத்த பந்தைத்தான். நீங்கள் பதினான்காவது குழியில் தண்ணீருக்கு மேல் எந்த மட்டையை எடுத்தீர்கள் என்பதை அவர் பார்ப்பதில்லை. அவரை மருத்துவராகக் கொள்ளலாம். நோய்க்குறிப்பை நாம்தான் எழுதிக்கொண்டு போக வேண்டும்.

இவற்றுள் எதையும் நான் முழுமையாகத் தேர்ந்துகொள்ளவில்லை. நான் வைத்துக்கொண்டது ஒரு சிறு குறிப்பேடு. ஒவ்வொரு குழிக்கும் மூன்றே செய்திகள்: அபராதமோ, மரங்களுக்கிடையிலிருந்து பக்கவாட்டில் தட்டி வெளியே எடுத்ததோ உண்டா, அப்ரோச் பந்து கொடிக்கு முன்னா, பின்னா, இடமா, வலமா, முதல் பட் எத்தனை அடி. குழிக்குக் குழி நடக்கும் இடைவெளியில் பத்து நொடியில் எழுதிவிடலாம், உடன் ஆடுபவர்களின் பொறுமையையும் சோதிக்காது. ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட் கணக்கின் துல்லியம் இதில் இல்லை. ஆனால் ஆட்டத்தின் பெரிய ஓட்டைகளைக் காண அவ்வளவு துல்லியம் வேண்டியதுமில்லை. நிபந்தனை ஒன்றுதான்: குறைந்தது பத்துச் சுற்றுகளாவது எழுதியாக வேண்டும். இரண்டு சுற்றுகளைக் கொண்டு முடிவெடுப்பது, நினைவை நம்புவதன் இன்னொரு வடிவமே.

எதை முதலில் தொடுவது

‘டிரைவ் பார்ப்பவர்களுக்காக, பட் பணத்துக்காக’ என்று பொருள்படும் பழைய வாசகம் ஒன்று கோல்ஃப் உலகில் வெகுகாலமாகப் புழங்குகிறது. பிராடியின் ஆய்வு அதை ஏறக்குறையத் தலைகீழாக்கியது. பிஜிஏ டூரின் முன்னணி ஆட்டக்காரர்கள் மற்றவர்களைவிடப் பெறும் அனுகூலத்தில், அப்ரோச் சுமார் 40 விழுக்காடு, டிரைவ் 28, கிரீனைச் சுற்றிய ஆட்டம் 17, பட்டிங் 15 என்று அவர் கணக்கிட்டார். அமெச்சூர்களிடையிலும், நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரானவருக்கும் உள்ள ஸ்கோர் வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, நூறு யார்டுக்கு அப்பாலிருந்து அடிக்கும் வீச்சுகளிலிருந்தே வருகிறது என்பது அவருடைய முடிவு.

இதைப் படித்தவுடன் எல்லோரும் அப்ரோச் பயிற்சிக்கு ஓடவேண்டும் என்பதில்லை. எங்கே அதிக நஷ்டம் என்பது பாதிக் கேள்வி. கையிலுள்ள நேரத்தில் அந்த நஷ்டத்தில் எவ்வளவை மீட்கலாம் என்பது மறுபாதி. இந்த இரண்டையும் சேர்த்து எடைபோடும்போது நான்கு பகுதிகளும் வேறு வேறு வரிசையில் வந்து நிற்கின்றன.

டீயிலிருந்து போகும் பந்தில், நீளத்தையும் அபராதத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இருபது யார்டு கூடுதலாக அடிப்பது பெரிய லாபம்தான். ஆனால் அதற்கு உடல் வலுவும் மாதக்கணக்கான உழைப்பும் வேண்டும். அபராதத்தைக் குறைப்பதற்கோ பெரும்பாலும் ஒரு முடிவு போதும். என் பந்து எப்போதும் வலப்புறம் வளையும். வலப்புறம் எல்லைக் கம்பங்கள் உள்ள ஒரு குழியில், நான் பல மாதங்களாக டீயின் இடது மூலையில் நின்று நேராகக் குறிவைத்துக்கொண்டிருந்தேன். அதாவது என் பந்து வளையக்கூடிய திசையில் இருந்த இடத்தையெல்லாம் நானே சுருக்கிக்கொண்டிருந்தேன். டீயின் வலது மூலைக்கு நகர்ந்து, ஃபேர்வேயின் இடது ஓரத்துக்குக் குறிவைத்தால், அதே கோணலான பந்து நடுவில் வந்து நிற்கும். வீச்சில் எதையும் மாற்றவில்லை. டீயின் அகலத்தில் எங்கு வேண்டுமானாலும், குறிகளுக்குப் பின்னால் இரண்டு மட்டை நீளம்வரையிலும் பந்தை வைக்க விதி இடம் தருகிறது. அந்த இடம் முழுவதையும் பயன்படுத்துவோர் மிகக் குறைவு. என் குறிப்பேட்டின் முதல் பத்துச் சுற்றுகளில், அபராதங்களில் பாதிக்கு மேல் டிரைவரிலிருந்து (மிக நீளமாக அடிக்கும் மட்டை), அதுவும் மூன்று நான்கு குழிகளிலேயே வந்தவை. அந்தக் குழிகளில் மட்டும் டிரைவரைப் பையிலேயே வைத்துவிட்டு, அதைவிடக் குறைந்த தூரம் அடிக்கும் ஹைபிரிட் மட்டையை எடுப்பதென்று முடிவு செய்ய, நான்கு மணி நேரப் பயிற்சியில் ஒரு நிமிடம்கூடச் செலவாகவில்லை. எல்லாக் குழியிலும் டிரைவரைத் துறக்கச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. நீளத்துக்கு உண்மையான மதிப்பு உண்டு. அபராதம் காத்திருக்காத திறந்த குழியில் அதை விட்டுக்கொடுப்பது வீண் பயம்.

அப்ரோச்தான் இந்த ஒப்பீட்டின் மையம். குறிப்பேட்டில் ‘முன்’ என்ற சொல் மற்ற மூன்று சொற்களையும் சேர்த்ததைவிட அதிகமாக வந்திருப்பதைக் கண்டபோது, முதலில் நம்பவில்லை. பிறகு ஒரு நாள் பந்தின் பறப்பை அளக்கும் லாஞ்ச் மானிட்டர் உள்ள இடத்தில் 7 அயர்ன் என்னும் நடுத்தரத் தூர மட்டையால் பத்துப் பந்துகளை அடித்து, ஒவ்வொன்றும் தரையைத் தொடுமுன் பறந்த தூரத்தைக் குறித்தேன். மிக நீளமானது 151 யார்டு. பத்தையும் வரிசைப்படுத்தியபோது நடுவில் நின்றது 138. நானோ அதுவரை ‘என் 7 அயர்ன் 150’ என்ற நம்பிக்கையோடு ஆடிவந்தேன். பத்தில் ஒரு முறை நிகழ்வதை வழக்கமாகவும், பத்தில் ஒன்பது முறை நிகழ்வதைத் தவறாகவும் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பன்னிரண்டு யார்டு இடைவெளியில்தான் கிரீனுக்கு முன்னுள்ள பங்கர் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, சரிவான புல்மேடு இருக்கிறது. மைதானத்தை வடிவமைப்பவர்கள் தடைகளைப் பெரும்பாலும் முன்புறம்தானே வைக்கிறார்கள்.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, கொடி முன்னால் இருந்தாலும் கிரீனின் நடுவுக்குரிய தூரத்தைக் கணக்கிட்டு, ஒரு மட்டை கூடுதலாக எடுப்பது. இது மறுநாளே செய்யக்கூடியது. இன்னொன்று, பந்தை மட்டை முகத்தின் நடுவில் தொடும் திறமையைக் கூட்டுவது. இது மாதங்கள் பிடிக்கும். நேரம் செலவிடத் தகுந்த பகுதி எதுவென்று என்னைக் கேட்டால், இந்த இரண்டாவதைத்தான் சொல்வேன், ஏனெனில் இதில் கிடைக்கும் முன்னேற்றம் டீ முதல் நூறு யார்டுவரை எல்லா மட்டைகளுக்கும் பரவும். புல்லில் பந்துக்கு முன்னால், அதாவது இலக்கின் பக்கம், மண் பெயர வேண்டும். பின்னால் பெயர்ந்தால் மட்டை தரையை முதலில் தொட்டுவிட்டது என்று பொருள். மாவுக்கோடு ஒன்றைப் புல்லில் இழுத்து, பந்தில்லாமல் அந்தக் கோட்டின் மேல் வீசிப் பார்த்தாலே தெரிந்துவிடும். முதல் நாளில் என் மண்தடம் தொடங்கிய இடங்கள் கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சிதறிக் கிடந்தன. பாயின் மேல் பயிற்சி செய்பவர்களுக்கு இந்தத் தகவல் கிடைப்பதே இல்லை. தரையை முதலில் தொட்ட மட்டை பாயில் வழுக்கி வந்து பந்தை எடுத்துவிடும். சத்தமும் நன்றாக இருக்கும்.

கிரீனைச் சுற்றிய ஆட்டம், பிராடியின் சராசரியில் சிறிதாகத் தெரிந்தாலும், சிலருக்கு அதுவே பெரிய ஓட்டையாக இருக்கும். வேறுபடுத்தி அறிய ஒரே கேள்வி: முப்பது யார்டுக்குள்ளிருந்து அடித்த பந்து கிரீனில் ஏறாமல் மறுபடியும் அதே வகை வீச்சை அடிக்க நேர்வது, சுற்றுக்கு எத்தனை முறை? இரண்டு அல்லது மேல் என்றால், அப்ரோச்சை ஒதுக்கிவிட்டு இதைத்தான் முதலில் திருத்த வேண்டும். இங்கே ஒரு மாதப் பயிற்சியில் வரும் பலன் வேறெங்கும் அவ்வளவு விரைவில் வராது. பெரும்பாலும் கோளாறு, தேவையில்லாத இடத்தில் 60 டிகிரி வெட்ஜை எடுத்துப் பந்தை உயரத் தூக்க முயல்வதில் இருக்கிறது. வழியில் தடை ஏதும் இல்லையென்றால், 8 அயர்னோ 9 அயர்னோ எடுத்து, கிரீனின் விளிம்பைத் தாண்டியவுடன் பந்தைத் தரையிறக்கி உருளவிடுவது பிழைகளைப் பொறுக்கும் வழி. மணல் தனிக்கதை. பந்தைத் தொடாமல், அதற்கு ஓரிரு அங்குலம் பின்னால் மணலை எடுத்து வீச வேண்டும் என்ற ஒரு கருத்தே பாதி வேலை. அதுவும் கைகூடாத நாளில், இரண்டு ஸ்ட்ரோக் அபராதத்தோடு பங்கருக்கு வெளியே, பந்துக்குப் பின்னுள்ள கோட்டில் பந்தை வைத்து ஆட 2019 முதல் விதி இடம் தருகிறது. இரண்டு ஸ்ட்ரோக் மிகையாகத் தோன்றும். ஆனால் ஆழமான பங்கருக்குள் நான்கு முறை வீசியவருக்கு அது மலிவு.

பட்டிங்கை நான் கடைசியில் வைக்கிறேன், ஆனால் ஒரு விதிவிலக்கோடு. பொதுவாக இங்கே இழப்பது குறுகிய பட்டுகளில் அன்று, நீண்ட பட்டுகளின் வேகத்தில். தொழில்முறை ஆட்டக்காரர்களே முப்பத்து மூன்றடியிலிருந்து சராசரியாக இரண்டு பட்டுகள் எடுக்கிறார்கள். ஆகவே நாற்பதடியிலிருந்து அடித்த பந்தை மூன்றடிக்குள் நிறுத்தத் தெரிந்தால் போதும். திசை தானாக வரும். முதல் பட் எத்தனை அடி என்று குறித்துவைப்பதன் பயன் இங்கேதான் தெரியும். என் குறிப்பேட்டில் மூன்று பட் எடுத்த குழிகளில் பெரும்பாலானவற்றின் எதிரே நாற்பதுக்கு மேற்பட்ட எண்ணே இருந்தது. அவை பட்டரின் குற்றமாகத் தோன்றியவை. உண்மையில் அப்ரோச் விட்டுச்சென்ற கடன். விதிவிலக்கு என்றது, குறுகிய பட்டில் கை தானே துடித்து இழுத்துவிடும் ‘யிப்ஸ்’ நிலையை. ஜெர்மானிய ஆட்டக்காரர் பெர்ன்ஹார்ட் லாங்கர் அந்தத் துன்பத்தைத் தம் ஆட்ட வாழ்வில் பலமுறை எதிர்கொண்டு, பட்டரைப் பிடிக்கும் விதத்தையே மாற்றி மாற்றி மீண்டவர்; 1985-இலும் 1993-இலும் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றவர். உங்கள் நிலை அதுவென்றால் சராசரிக் கணக்குகளை மறந்துவிட்டுப் பிடியை மாற்றுவதிலிருந்து தொடங்குங்கள். மூன்றடியைப் போடமுடியாத பயம் பின்னோக்கிப் பரவி, சிப்பையும் அப்ரோச்சையும்கூடக் கெடுத்துவிடும்.

எந்த முறையில் திருத்துவது

புதிய மட்டை வாங்குவது முதலில் மனத்தில் வரும் வழி, கடைசியில் வரவேண்டிய வழி. விதிப்படி பையில் 14 மட்டைகள் வரை இருக்கலாம். ஒரு மட்டைக்கும் அடுத்ததற்கும் இடையே நாற்பது யார்டு இடைவெளி விழுந்திருந்தால் அதை நிரப்ப ஒன்று வாங்குவது நியாயம். மற்றபடி, நான் வாங்கிய பட்டரின் வரலாற்றை மேலே சொல்லிவிட்டேன்.

பயிற்சியாளரிடம் வீச்சை அடியோடு மாற்றிக்கொள்வதா, இருப்பதை ஒழுங்குபடுத்திக்கொள்வதா என்பது கடினமான தேர்வு. ஆங்கிலேய ஆட்டக்காரர் நிக் ஃபால்டோ 1980-களின் நடுவில் பயிற்சியாளர் டேவிட் லெட்பெட்டரிடம் தம் வீச்சைப் பிரித்து மறுபடி கட்டினார். இடையில் வெற்றிகள் வற்றின. 1987-இல் ஸ்காட்லாந்தின் முயர்ஃபீல்டில் இறுதிச் சுற்றின் பதினெட்டுக் குழிகளையும் பாரில் முடித்து ஓப்பன் பட்டத்தை வென்றார். டைகர் வுட்ஸ் 1997-இல் மாஸ்டர்ஸை 12 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்ற பிறகும் வீச்சை மாற்றத் துணிந்தார். 1998-இல் பிஜிஏ டூரில் அவருக்குக் கிடைத்தது ஒரே வெற்றி, 2000-இல் கிடைத்தவை மூன்று மேஜர் (ஆண்டின் நான்கு பெரிய போட்டிகள்) பட்டங்கள். இந்தக் கதைகளைச் சொல்லி வீச்சை மாற்றத் தூண்டுபவர்கள், அவ்விருவரும் நாள் முழுவதும் அதையே செய்தார்கள் என்பதை விட்டுவிடுகிறார்கள். வாரம் நான்கு மணி நேரத்தில் அந்த மறுகட்டுமானம் பாதிக் கட்டிய வீடாக நின்றுபோகும் வாய்ப்பே அதிகம். பிடி, நிற்கும் நிலை, பந்தை வைக்கும் இடம் ஆகிய மூன்றை மட்டும் பயிற்சியாளரிடம் சரிபார்த்துக்கொண்டு, ஒரே ஒரு திருத்தத்தை எடுத்துக்கொண்டு வந்து, இரண்டு மாதம் கழித்து மறுபடி போவது என் கணிப்பில் நல்ல பேரம்.

தனியே செய்யும் பயிற்சியில், ஒரே மட்டையால் ஒரே இலக்குக்கு ஐம்பது பந்து அடிப்பதா, ஒவ்வொரு பந்துக்கும் மட்டையையும் இலக்கையும் மாற்றுவதா? முதலாவது இனிமையாக இருக்கும். ஆனால் ஷியா, மார்கன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1979-இல் ஆய்வகத்தில் கையசைவுப் பணிகளைக் கொண்டு செய்த சோதனையில், கலந்து பயின்றவர்கள் பயிற்சியின்போது பின்தங்கினாலும், பிறகு நடந்த சோதனையில் முந்தினார்கள். கோல்ஃபுக்கு இது பொருந்துவது வியப்பன்று. மைதானத்தில் ஒரே வீச்சை அடுத்தடுத்து இருமுறை அடிக்க நேர்வது பெரும்பாலும் ஓ.பி. போன பின்புதான். புதிய அசைவைக் கற்கும் முதல் அரை மணி நேரத்துக்கு ஒரே மட்டை. அதன் பிறகு கலந்து அடிப்பது என்று பிரித்துக்கொண்டேன்.

நான்கு மணி நேரத்தையும் நான் இப்போது பங்கிட்டிருக்கும் விதம் இது: இரண்டு மணி நேரம் மாவுக்கோட்டின் மேல் அயர்ன்கள், ஒரு மணி நேரம் கிரீனைச் சுற்றி, முக்கால் மணி நேரம் நாற்பதடிப் பட்டுகளின் வேகம், எஞ்சிய கால் மணி நேரம் அடுத்த சுற்றில் டிரைவரை எடுக்கக்கூடாத குழிகளை முன்கூட்டியே முடிவுசெய்து எழுதிவைக்க. குறிப்பேட்டின் அடுத்த பத்துச் சுற்றுகளில் அபராதங்கள் பாதிக்குக் கீழே வந்தன. ‘முன்’ என்ற சொல் குறைந்தது, ‘பின்’ என்ற சொல் முதன்முறையாக அங்கங்கே தலைகாட்டியது. பட்டுகளின் மொத்த எண்ணிக்கை சற்று ஏறியிருக்கிறது. பழைய நானாக இருந்திருந்தால், அதைப் பார்த்துவிட்டு இந்நேரம் இன்னொரு பட்டர் வாங்கியிருப்பேன்.